முடியத் தெரிந்த தொடர்கள்: பழைய பிரிட்டிஷ் குழந்தை அனிமேஷனைப் பெற்றோராகத் திரும்பப் பார்த்தல்

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் திரை நேரம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், 1960களிலும் 70களிலும் பிரிட்டனில் எடுக்கப்பட்ட குழந்தைகள் அனிமேஷன் தொடர்களின் பெயர்கள் அடிபடுகின்றன. அவை நிதானமானவை, குழந்தையின் மூளையைக் களைப்பாக்காதவை என்று ஒரு சாரார் பரிந்துரைக்கிறார்கள். அதெல்லாம் பெரியவர்களின் பழங்காலப் பாசம் என்று இன்னொரு சாரார் ஒதுக்குகிறார்கள். இதற்கிடையே அதே தொடர்கள் புதிய வடிவில் மறுபடியும் தயாரிக்கப்படுவதால், எதைக் குழந்தைக்குக் காட்டுவது என்ற குழப்பம் கூடியிருக்கிறது. இந்தத் தொடர்கள் எந்தச் சூழலில் உருவாயின, அவற்றின் நிதானம் எங்கிருந்து வந்தது, ஆய்வுகள் அதைப் பற்றி எவ்வளவு தூரம் பேசுகின்றன, இன்று பெற்றோராக அவற்றின் முன் உட்காரும்போது எவை இடறுகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எந்தத் தொடர்கள்?

1950களில் பிபிசி தொலைக்காட்சி, பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கென்று 'வாட்ச் வித் மதர்' என்ற நிகழ்ச்சி நேரத்தை ஒதுக்கியது. தாய் அருகில் இருந்து குழந்தையோடு சேர்ந்து பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பில் அமைந்த நேரம் அது. தொடக்கத்தில் அதில் வந்தவை நூலால் ஆட்டப்படும் பொம்மைகள். 1960களில் ஸ்டாப் மோஷன் முறையில் எடுக்கப்பட்ட படங்கள் அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. இதைத் தவிர, மாலைச் செய்திக்குச் சற்று முன்பு ஐந்து நிமிட இடைவெளி ஒன்றும் இருந்தது. பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளும் செய்திக்காகக் காத்திருந்த பெரியவர்களும் ஒரே திரையைப் பார்த்த நேரம் என்பதால், அந்த இடைவெளிக்கு எழுதியவர்கள் இரு தரப்பையும் மனத்தில் வைத்தே எழுதினார்கள்.

தயாரித்தவர்கள் சிலரே. கேன்டர்பரிக்கு அருகிலுள்ள பிளீன் என்ற கிராமத்தில், பீட்டர் ஃபர்மினின் பண்ணையில் பயன்பாடற்றுக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் அவரும் ஆலிவர் போஸ்ட்கேட்டும் 'ஸ்மால்ஃபிலிம்ஸ்' என்ற பெயரில் வேலை செய்தார்கள். ஐவர் தி எஞ்சின், நாகின் தி நாக், கிளாங்கர்ஸ், பேக்பஸ் ஆகியவை அங்கே பிறந்தன. கார்டன் முர்ரே 1966 முதல் 1969 வரை கேம்பர்விக் கிரீன், டிரம்ப்டன், சிக்லி என்று மூன்று ஊர்களைப் பொம்மைகளால் கட்டினார். பாரிஸில் 'தி மேஜிக் ரவுண்டபவுட்' தொடரின் பிரெஞ்சு மூலத்தில் பணியாற்றிய ஐவர் வுட் பின்னர் வாம்பிள்ஸ், பேடிங்டன், போஸ்ட்மேன் பேட் ஆகியவற்றுக்கு உருவம் கொடுத்தார். மான்செஸ்டரில் இயங்கிய காஸ்குரோவ் ஹால் நிறுவனம் 1981இல் டேஞ்சர் மவுஸைத் தொடங்கியது. ஒரு முழுத் தலைமுறையின் நினைவை இவ்வளவு குறைவான கைகள் வடித்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற பலவும் விளங்கும்.

நொடிக்கு 25 படங்கள்

ஸ்டாப் மோஷன் என்பது, அசையாத ஒரு பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்து, அவற்றை வரிசையாக ஓட்டும்போது உயிருள்ளதுபோல் தோன்றச் செய்யும் முறை. தடித்த அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்களை அதேபோல் நகர்த்தினால் அது கட்-அவுட் அனிமேஷன். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படங்கள் ஓடின. அந்தக் கணக்கில் 15 நிமிடப் படம் ஒன்றுக்கு 22,500 படங்கள் வேண்டும். ஒரே நிலையை இரண்டு படங்களுக்கு நிறுத்தி வைத்தால்கூட 11,000க்கு மேற்பட்ட முறை யாரோ ஒருவர் குனிந்து பொம்மையைத் தொட்டு நகர்த்தியாக வேண்டும்.

போஸ்ட்கேட் தாமே கோத்துச் செய்த ஒரு பொறியால் 16 மி.மீ. கேமராவைப் படம் படமாக இயக்கினார். நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் அளவுக்கு ஒளிபரப்பத்தக்க படத்தை ஸ்மால்ஃபிலிம்ஸால் எடுக்க முடிந்தது. பெரிய நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு வேகம். அந்த வேகம் சிக்கனத்தால் வந்தது. எதை அசைக்காமல் விடலாம் என்பதை அவர் துல்லியமாக அறிந்திருந்தார்.

இந்தச் சிக்கனத்தின் விளைவுகள் இன்று நாம் பாராட்டும் பண்புகளாகத் திரையில் தெரிகின்றன:

1. அசைவு குறைவு. பாத்திரங்கள் நின்று பேசுகின்றன, உட்கார்ந்து கேட்கின்றன. பேக்பஸ் என்ற துணிப் பூனை பெரும்பாலும் படுத்துக்கொண்டே யோசிக்கிறது. அந்தத் தொடரில் பாட்டுப் பாடும் கேப்ரியல் என்ற தேரையை மட்டும், அது அமர்ந்திருக்கும் டப்பாவின் அடியிலிருந்து கையால் இயக்கினார்கள். நீண்ட பாட்டு முழுவதற்கும் வாயசைவைப் படம் படமாக எடுப்பது கட்டுப்படியாகாது.

2. கதையே செலவுக்கு ஏற்ப வளைந்தது. டிரம்ப்டன் ஊரின் தீயணைப்புப் படை ஒவ்வொரு முறையும் பெயர் கூப்பிட்டு அணிவகுத்துக் கிளம்பும்; ஆனால் ஒரு தீயையும் அணைத்ததில்லை. நெருப்பையும் புகையையும் பீய்ச்சியடிக்கும் நீரையும் பொம்மைகளின் அளவுக்கு அனிமேஷனில் காட்டுவது கடினம் என்பதே காரணம். அதனால் அவர்கள் மற்றவர்களின் சில்லறைச் சிக்கல்களைத் தீர்க்கப் போனார்கள். ஆபத்தே இல்லாத ஊர் என்ற அந்த நிம்மதி உணர்வில் பாதி தொழில்நுட்பக் கட்டாயம். டேஞ்சர் மவுஸ் கையால் வரைந்த படங்களால் ஆன தொடர் என்றாலும், அங்கும் பனிவெளியிலும் கும்மிருட்டிலும் நடக்கும் காட்சிகள் பின்னணி வரையும் செலவை மிச்சப்படுத்தின.

3. பாணி கலப்பு. 1976இல் வந்த பேடிங்டனில் கரடி மட்டும் முழு உருவப் பொம்மை. அதைச் சுற்றியுள்ள மனிதர்களும் வீடும் தட்டையான ஓவியங்கள். குழந்தையின் கண் தானாகவே கரடியிடம் போய் நிற்கிறது.

4. பதின்மூன்று என்ற எண். கேம்பர்விக் கிரீன், டிரம்ப்டன், சிக்லி, பேக்பஸ் ஒவ்வொன்றும் 13 பகுதிகள்தாம்; போஸ்ட்மேன் பேட்டின் 1981ஆம் ஆண்டு முதல் தொடரும் அப்படியே. வாரம் ஒன்றாக ஒளிபரப்பினால் கால் ஆண்டுக்கு வரும். பிறகு அதே 13 படங்கள் ஆண்டுக்கணக்கில் மறுஒளிபரப்பாயின. பேக்பஸ் 1974ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனாலும் 1999இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் அதுவே மக்களுக்குப் பிடித்தமான குழந்தைகள் நிகழ்ச்சியாக வந்தது. ஒரே கதையை இருபது தடவை கேட்க விரும்பும் வயதுக்கு இந்த மறுஒளிபரப்பு எவ்வளவு பொருத்தம் என்பது, மூன்று வயதுக் குழந்தையைத் தூங்கவைத்த எவருக்கும் தெரியும்.

அருகில் உட்கார்ந்து சொல்லும் குரல்

பெற்றோராகத் திரும்பப் பார்க்கும்போது முதலில் காதில் விழுவது, ஒரே ஒரு குரல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போவதுதான். கார்டன் முர்ரேயின் மூன்று ஊர்களுக்கும் பிரையன் கான்ட். பேடிங்டனுக்கு மைக்கேல் ஹார்டர்ன். 'ரூபார்ப்' என்ற நாய்த் தொடரின் நடுங்கும் மார்க்கர் கோடுகளுக்கு ரிச்சர்ட் பிரையர்ஸ். பல நடிகர்களை அமர்த்தப் பணம் இல்லாததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அதன் பயன் வேறு வகையானது. பல குரல் நாடகத்தில் குழந்தை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கிறது. ஒற்றைக் குரல் கதையில், பக்கத்தில் அமர்ந்து புத்தகம் படித்துச் சொல்லும் ஒருவர் இருப்பதாக உணர்கிறது. கதைசொல்லி மூச்சு விடும் இடத்தில் குழந்தைக்குக் கேள்வி கேட்க அவகாசம் கிடைக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பெரியவர் ஒருவர் அங்கே இருப்பார் என்று நிகழ்ச்சி நம்பியது.

இந்தக் குரல் எவ்வளவு தூரம் ஒரு படைப்பை மாற்ற முடியும் என்பதற்கு 'தி மேஜிக் ரவுண்டபவுட்' சிறந்த சான்று. செர்ஜ் டனோ என்பவர் பிரான்சில் எடுத்த தொடர் அது. 1965இல் பிபிசி அதை வாங்கியபோது, எரிக் தாம்ப்சன் பிரெஞ்சு வசனத்தை மொழிபெயர்க்கவே இல்லை. படத்தை மட்டும் பார்த்து, தமக்குத் தோன்றிய கதையைப் புதிதாக எழுதித் தாமே பேசினார். மூலத்தில் ஆங்கில உச்சரிப்போடு பிரெஞ்சு பேசிய நாய், அவர் கையில் சதா முணுமுணுக்கும் அலுப்புக்காரராக மாறியது. குழந்தைகள் சுழலும் ராட்டினத்தைப் பார்த்தார்கள். பெற்றோர் அந்த முணுமுணுப்பைக் கேட்டார்கள். இன்று பார்த்தாலும் இந்த இரட்டைத்தன்மை அப்படியே வேலை செய்கிறது.

கிளாங்கர்ஸ் இதற்கு நேர் எதிரான முனையில் ஒரு துணிச்சலான சோதனை. சிறு கோள் ஒன்றில் வாழும், பீட்டரின் மனைவி ஜோன் ஃபர்மின் கம்பளி நூலால் பின்னிய இளஞ்சிவப்பு உயிரினங்கள், சொற்களே இல்லாமல் ஊதல் ஒலியால் பேசுகின்றன. ஆனால் அந்த ஊதல் ஏதோ ஓர் ஒலியன்று. முழு உரையாடலும் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் ஏற்ற இறக்கமும் குழலில் வாசிக்கப்பட்டது. கதவு ஒன்று திறக்க மறுக்கும் காட்சிக்கு எழுதப்பட்டிருந்த ஒரு வசைச்சொல்லுக்காக பிபிசி தரப்பில் ஆட்சேபம் வந்ததாகப் போஸ்ட்கேட் நினைவுகூர்ந்திருக்கிறார். பாத்திரங்கள் ஒரு சொல்கூடப் பேசாத தொடருக்கு இந்த ஆட்சேபம் வந்தது என்பதே அந்த ஊதல் எவ்வளவு பேச்சாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. பேசத் தொடங்காத குழந்தையும் வேறு மொழி பேசும் தாத்தாவும் சரிசமமாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய தொடர் இது. பாசூன் என்ற ஊதுகருவிக் கலைஞர் வெர்னன் எலியட்டின் இசை அந்தப் பேச்சுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது. இன்றைய பல தொடர்களில் இசை ஒரு நொடிகூட ஓய்வதில்லை.

ஒரு பகுதியை நெருங்கிப் பார்த்தால்

பேக்பஸ்ஸின் அமைப்பு எல்லாப் பகுதிகளிலும் ஒன்றே. எமிலி என்ற சிறுமிக்கு ஒரு கடை உண்டு. அதில் எதுவும் விற்பதில்லை. தொலைந்துபோன, உடைந்த பொருள் ஒன்றைக் கண்டெடுத்து வந்து பூனையின் முன் வைத்துவிட்டுப் போகிறாள். அதுவரை பழுப்பு நிறப் பழைய புகைப்படங்களாக இருந்த திரை, பூனை கொட்டாவி விட்டு விழித்ததும் வண்ணமாகிறது. எமிலியாகப் படங்களில் நிற்பது பீட்டர் ஃபர்மினின் மகள். பொம்மைகள் கூடி, அந்தப் பொருள் என்னவென்று ஊகித்து, பாடி, சண்டையிட்டு, சுத்தம் செய்து, உடையவர் கண்ணில் படட்டும் என்று கடை ஜன்னலில் வைக்கின்றன.

எலி ஆலை பற்றிய பகுதி இதன் உச்சம். ரொட்டித் தூளையும் அவரை விதையையும் போட்டால் சாக்லேட் பிஸ்கட் வரும் ஓர் ஆலை தங்களிடம் இருப்பதாக எலிகள் காட்டுகின்றன. பிஸ்கட் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருகிறது. எதையும் நம்பாத மரங்கொத்தியான பேராசிரியர் யாஃபிள் பின்பக்கம் போய்ப் பார்த்தால், எலிகள் ஒரே பிஸ்கட்டைத் திரும்பத் திரும்ப உள்ளே உருட்டிக்கொண்டிருக்கின்றன. யாஃபிளுக்குத் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முன்மாதிரி என்று போஸ்ட்கேட்டே சொல்லியிருக்கிறார். அதை அறிந்து பார்க்கும் பெரியவருக்கு, அறிஞர் ஒருவர் பிஸ்கட்டின் மூலத்தைச் சரிபார்க்க நடந்து போகும் காட்சியில் தனிச் சுவை உண்டு. குழந்தைக்கோ ஆதாரம் கேட்பது எப்படி என்ற முதல் பாடமே அந்த நடைதான். உபதேசம் ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு கனமான விஷயத்தை இவ்வளவு லேசாகக் குழந்தையின் கையில் கொடுத்த படைப்புகள் மிகக் குறைவு என்று உறுதியாகச் சொல்வேன்.

மெதுவாக ஓடினால் நல்லதா?

பரிந்துரைப்பவர்கள் வழக்கமாகக் காட்டும் ஆய்வு, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலின் லில்லார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் 2011இல் வெளியிட்டது. நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு வேகமான கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்தது. இரண்டாவது குழு நிதானமான கல்வித் தொடரைப் பார்த்தது. மூன்றாவது குழு படம் வரைந்தது. முதல் கார்ட்டூனில் சராசரியாக 11 நொடிக்கு ஒருமுறையும், இரண்டாவதில் 34 நொடிக்கு ஒருமுறையும் காட்சி முழுதாக மாறியது. உடனே வைத்த சோதனைகளில், அதாவது கவனத்தைத் திருப்புவது, ஆசையை அடக்கிக் காத்திருப்பது போன்றவற்றில், வேகமான கார்ட்டூனைப் பார்த்த குழு பின்தங்கியது.

இதிலிருந்து 'மெதுவானது நல்லது' என்று தாவுவது சரியல்ல. காரணங்கள் மூன்று:

1. சோதனை பார்த்த உடனே நடந்தது. நீண்ட கால விளைவைப் பற்றி அது எதையும் நிறுவவில்லை.

2. வேகமான கார்ட்டூன் நான்கு வயதினருக்கென்று எடுக்கப்பட்டதன்று. அதைவிட மூத்த பிள்ளைகளுக்கானது.

3. இதுவே முக்கியமானது. லில்லார்டின் குழு 2015இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், வேகத்தையும் கற்பனைத்தன்மையையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, பாதிப்பு வேகத்தோடு அல்லாமல், இயற்கையில் நடக்க முடியாத நிகழ்வுகளோடு பிணைந்திருப்பதாகத் தெரிந்தது. அப்படிப் பார்த்தால் பேசும் எலிகளும் சிறு கோளின் குழிகளில் வாழும் கம்பளி உயிரினங்களும் இதே சந்தேகத்துக்கு உள்ளாக வேண்டியவை.

ஆகவே பழைய பிரிட்டிஷ் தொடர்களை மருந்துபோல எழுதிக் கொடுக்க இந்த ஆய்வுகளில் இடமில்லை. அவை அந்தத் தொடர்களைச் சோதிக்கவும் இல்லை. அவற்றைக் காட்டுவதற்கான நியாயம் அவை நல்ல படைப்புகள் என்பதே. அதற்கு மூளை அறிவியலின் முத்திரை தேவையில்லை.

இடறும் இடங்கள்

டிரம்ப்டனில் மேயர், தீயணைப்பு வீரர்கள், தச்சர், கடிகாரக்காரர் என வேலை செய்பவர்கள் அநேகமாக எல்லாருமே ஆண்கள். பெண்களுக்குக் கிடைத்த தொழில் தொப்பி தைப்பது போன்ற சிலவே. தோல் நிறத்தில் வேறுபாடே கிடையாது. போஸ்ட்மேன் பேட்டின் கதை நடக்கும் பள்ளத்தாக்கில் ஓர் இந்தியக் குடும்பம் குடியேற 2000கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அஜய் பெயின்ஸ் என்ற ரயில் ஓட்டுநரும் அவர் குடும்பமும் அப்போதுதான் வந்தார்கள். எனிட் பிளைட்டன் எழுதிய, 'நாடி' (Noddy) என்ற பொம்மைச் சிறுவனின் கதைகளில் கறுப்பின மக்களை இழிவாகச் சித்தரித்த பொம்மைப் பாத்திரங்கள் இருந்தன. காஸ்குரோவ் ஹால் 1992இல் பிபிசிக்காக அதைத் தொடராக எடுத்தபோது அவற்றை நீக்கிவிட்டு, வம்பு செய்யும் வேலையைக் குட்டிச்சாத்தான்களிடம் கொடுத்தது. அது சரியான முடிவு. பழையதை அப்படியே காப்பதைவிட, அதைப் பார்க்கும் குழந்தை தன்னை இழிவாக உணராதிருப்பது பெரிது.

இதற்கு மறுபக்கமாக, இல்லாத குற்றமும் சுமத்தப்பட்டிருக்கிறது. ஜான் ரையனின் கேப்டன் பக்வாஷ் தொடரில் ஆபாசப் பொருள்படும் பெயர்கள் இருந்ததாக இன்றும் பலர் நம்புகிறார்கள். அப்படிப்பட்ட பெயர்கள் அதில் ஒருபோதும் இருந்ததில்லை. அந்தக் கதையை அச்சிட்ட செய்தித்தாள்கள் 1991இல் அதைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

எப்படி முடிந்தன என்பதில்தான் விஷயம்

என் மதிப்பீட்டில், இந்தத் தொடர்களிடமிருந்து இன்றைய பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது வேகம் அன்று; முடிவு. கேம்பர்விக் கிரீனில் இசைப் பெட்டியிலிருந்து சுழன்று எழும் பொம்மை, கதை முடிந்ததும் அதே பெட்டிக்குள் இறங்கிவிடும். டிரம்ப்டன் பூங்காவில் வாத்தியக் கச்சேரியோடு முடியும். சிக்லியில் ஆறு மணிச் சங்கு ஊதியதும் பிஸ்கட் தொழிற்சாலையினர் ஆடுவார்கள். மேஜிக் ரவுண்டபவுட்டில் பெரும்பாலும் யாராவது ஒருவர் தூங்கும் நேரமாயிற்று என்று அறிவிப்பார். பேக்பஸ் தூங்கியதும் அதன் நண்பர்களும் தூங்கி, வண்ணம் வடிந்து, திரை மறுபடியும் பழுப்பாகும். எல்லாமே ஒரு பகுதியோடு ஓயும்படி கட்டப்பட்டவை.

தொலைக்காட்சி ஏற்பாடும் அந்த முடிவுக்கு ஒத்துழைத்தது. 1957ஆம் ஆண்டு பிப்ரவரி வரை பிரிட்டனில், குழந்தைகளைப் படுக்கவைக்க வசதியாக மாலை 6 மணி முதல் 7 மணி வரை தொலைக்காட்சியே ஓடாது. அந்தத் தடை போன பிறகும், குழந்தைகள் நிகழ்ச்சி முடிந்தால் அடுத்து வருவது செய்தி. குழந்தை தானாகவே எழுந்து போகும். இன்றைய ஓடிடி தளங்களும் யூடியூபும் இந்த விளிம்பை அழித்துவிட்டன. பேக்பஸ் கண்ணை மூடிய சில நொடிகளில் அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்கினால், போஸ்ட்கேட் அந்த முடிவுக்குக் கொடுத்த அக்கறை வீணாகிறது.

2015இல் மறுபடி எடுக்கப்பட்ட கிளாங்கர்ஸ் இந்த விஷயத்தில் தேறுகிறது. கணினி வரைகலைக்குப் போகாமல் பின்னல் பொம்மைகளையே ஸ்டாப் மோஷனில் நகர்த்தினார்கள். ஊதல் பேச்சையும் காத்தார்கள். கதைசொல்லியாக மைக்கேல் பாலின் வந்தார். பழையதைத் தேடிப்பிடிக்க முடியாதவர்கள் இதிலிருந்து தயங்காமல் தொடங்கலாம்.

வீட்டில் நடைமுறைப்படுத்துவது கடினமன்று. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. பேக்பஸ் முழுவதும் சேர்த்தே 195 நிமிடங்கள்தாம். வாரம் ஒன்றாக வைத்தால் மூன்று மாதம் வரும். ஆட்டோபிளே வசதியை முதலிலேயே அணைத்துவிட வேண்டும். பெப்பா பிக் போன்ற பிரபலமான பாத்திரங்களின் தோற்றத்தில் போலியாகத் தயாரித்த பயமுறுத்தும் காணொளிகள் 2017இல் பெரிய சர்ச்சையானதை நினைவில் கொண்டு, தயாரிப்பாளரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தையோ டிவிடியையோ மட்டும் பயன்படுத்துவது நல்லது. மூன்று வயதுக்கு கிளாங்கர்ஸும் டிரம்ப்டனும் போதும். எலி ஆலையின் தந்திரம் ஐந்து வயதுக்கு மேல்தான் முழுதாக விளங்கும். டேஞ்சர் மவுஸின் கதைசொல்லி தன் வேலையைப் பற்றியே புலம்பும் நகைச்சுவையை, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்ளலாம்.